காட்சிமுனையும் கண்டோர் கூற்றும்: யோசமிட்டி பற்றிய இணையர் பயணக்கட்டுரைகளை உடன்போக்கு மரபின்வழி வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவில் வாழும் தமிழ் இணையர் தேசியப் பூங்கா ஒன்றின் வழியே ஒரு நாள் காரில் சென்றதைச் சொல்லும் கட்டுரைகள் இன்று ஒரு தனிவகையாகத் திரண்டுள்ளன. இவற்றை வருணனைத் திறம் கொண்டே மதிப்பிடும் வழக்கம் நிலவுகிறது. இருவர் சேர்ந்து காட்டுவழி செல்வதைத் தமிழ் அகமரபு உடன்போக்கு என்று வகுத்து, அதில் பேசுவோர், கேட்போர், காண்போர் ஆகியோரை வரையறுத்துள்ளது. அந்த மரபின் கூற்று நெறியை அளவுகோலாகக் கொண்டால் இக்கட்டுரைகளின் குறை வருணனையில் இல்லை, பேச்சில் உள்ளது என்பது புலப்படும். யோசமிட்டி பூங்காச் சாலையைச் சான்றாகக் கொண்டு இது ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உடன்போக்கு, கண்டோர் கூற்று, பயணக்கட்டுரை, யோசமிட்டி, பாலைத்திணை

ஒரு நாள் என்னும் வடிவம்

அமெரிக்கத் தமிழரின் பயணக்கட்டுரைகளில் யோசமிட்டிக்கு நிலையான இடம் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கணினித்துறைப் பணியில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் பூங்காவின் வாயிலை அடைந்துவிடலாம். இருள் பிரியுமுன் புறப்பாடு, வாயிலில் நுழைவுச்சீட்டும் வரைபடமும், நண்பகலில் அருவியோரம் கட்டுச்சோறு, பிற்பகலில் கரடி தென்படுமா என்னும் எதிர்பார்ப்பு, மாலையில் பாறைமுகட்டில் சிவக்கும் வெயில் என்று ஒரு நாளின் பொழுதுகளே கட்டுரையின் பத்திகளாகின்றன. பெரும்பொழுதும் சிறுபொழுதும் இவ்வளவு ஒழுங்காகப் பேணப்படும் உரைநடை வகை இக்காலத் தமிழில் வேறொன்று இருப்பது அரிது.

முதற்பொருளுக்கும் கருப்பொருளுக்கும் இவற்றில் குறைவில்லை. நிலம், பொழுது, மரம், விலங்கு, நீர்நிலை எல்லாம் பெயரோடு வருகின்றன. ஆயின் முதல், கரு, உரி மூன்றையும் பாட்டிற் பயிலுங்கால் ஒன்றினும் ஒன்று சிறந்தவை எனத் தொல்காப்பியம் நிரல்படுத்துகிறது. கடைசியில் நிற்கும் உரிப்பொருளே தலையாயது. அதை நோக்கினால் இக்கட்டுரைகளில் பெரும்பாலானவை வெறுங்கையுடன் நிற்கின்றன. இருவர் சென்றனர் என்பது தெரிகிறது. அவ்விருவருக்குள் அன்று என்ன நிகழ்ந்தது என்பது தெரிவதில்லை. புளியோதரைப் பொட்டலம் பிரிக்கப்படும் பத்தியில் மட்டும் சற்று உயிர் துடிக்கிறது. அங்குதான் ஒருவர் மற்றவரிடம் ஏதேனும் பேசுகிறார்.

பேசுவோர் இல்லாத காட்சி

யோசமிட்டிக் கட்டுரைகளில் தவறாது இடம்பெறுவது டனல் வியூ என்னும் காட்சிமுனை. தெற்கிலிருந்து வரும் வவோனா சாலை, மலையைக் குடைந்த நீண்ட சுரங்கவழியொன்றினுள் புகுந்து வெளிவரும் இடம் அது. இருட்டு முடிந்ததும் இடப்பக்கம் எல்கேப்பிட்டன் பாறை, வலப்பக்கம் பிரைடல்வெயில் அருவி, தொலைவில் நடுவே ஹாஃப் டோம் குன்று என முழுப் பள்ளத்தாக்கும் ஒருசேரக் கண்முன் விரிகிறது. எழுதுவோர் ஏறக்குறைய அனைவரும் இவ்விடத்தில் திகைத்து மொழியிழந்ததாகக் கூறுகின்றனர். அந்தத் திகைப்பு பொய்யன்று. எனினும் அது 1933இல் சுரங்கவழி திறக்கப்பட்டபோதே பொறியாளர்களால் கட்டப்பட்ட திகைப்பு. எங்கே இருள் முடிய வேண்டும், எங்கே வண்டி நிற்க வேண்டும், எத்திசையில் கண் செல்ல வேண்டும் என்பவை கார் வருமுன்பே முடிவாகிவிட்டன.

பூங்காவுக்குள் மோட்டார் வண்டிகள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1913இல். அன்று தொட்டு அங்குள்ள நிலம் பெரும்பாலான பயணியருக்குச் சாலையிலிருந்து தெரியும் நிலமாயிற்று. பூங்காவைக் குறுக்கே கடக்கும் டயோகா சாலையின் வரலாறு இன்னும் கருதத்தக்கது. சுமார் 75 கிலோமீட்டர் நீளமும் ஏறக்குறைய 3,030 மீட்டர் உயரத்துக் கணவாயும் கொண்ட அச்சாலை, 1883இல் சுரங்கத் தொழிலுக்காகப் போடப்பட்ட வண்டிப்பாதையிலிருந்து உருவானது. பின்னர் 1915இல் ஸ்டீவன் மேதர் அதை வாங்கி அரசுக்கு அளிக்க ஏற்பாடு செய்தார். அதன் நடுப்பகுதி அகலப்படுத்தப்பட்டு 1961இல் புதுச்சாலையாயிற்று. தெனாயா ஏரியோரத்துக் கருங்கற்பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்படுவதை ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் வன்மையாக எதிர்த்தார். இன்று அவ்வளைவில் காரை நிறுத்தி இயற்கையின் கன்னிமையை வியக்கும் கட்டுரை, தான் நிற்கும் தளமே வெடிமருந்தால் வந்தது என்பதை அறியாமல் எழுதப்படுகிறது.

இச்சாலையை ஒரு பனுவலாகக் கொண்டால் அதில் கூற்று உண்டு, கூறுவோர் இல்லை. காட்சி தானே பேசுவது போலத் தோன்றும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. கட்டுரையாளர் அதை வழிமொழிகிறார். எனவே பத்துப் பேர் எழுதினாலும் டனல் வியூ பத்தி ஒன்றாகவே இருப்பதில் வியப்பில்லை. இதை எழுதுவோரின் திறமைக் குறைவாகக் கருதுவது மேலோட்டமான மதிப்பீடு.

வழியைச் சொல்லும் தலைவன்

உடன்போக்குப் பாடல்களில் வரும் காட்டையும் வெறும் இயற்கைப் புனைவாகக் கற்பிக்கும் வழக்கம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. மரப்பெயர், பறவைப்பெயர் தொகுத்துச் சூழலியல் பட்டியல் இடும் ஆய்வேடுகளும் பெருகிவிட்டன. அப்பட்டியல்களுக்கு அவற்றின் பயன் உண்டு. ஆனால் அவை எந்தக் கூற்றிலிருந்து எடுக்கப்பட்டன என்பதை நீக்கிவிட்டுத் தொகுத்தால் பாடல் கையில் தங்காது.

பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய நற்றிணை ஒன்பதாம் பாடல் இதற்கு ஏற்ற சான்று. உடன்போகும் தலைவன் தலைவிக்குச் சொல்வது அது. விடாது முயன்றோர் தாம் வழிபட்ட தெய்வத்தை நேரில் கண்டதுபோல உன்னைப் பெற்றேன் என்று தொடங்குகிறான். புங்கின் தளிரை மேனியில் அணிந்துகொள்ளச் சொல்கிறான். நிழல் கண்ட இடத்தில் தங்கியும் மணல் கண்ட இடத்தில் சிற்றில் இழைத்து விளையாடியும் வருந்தாமல் வரலாம் என்கிறான். மாமரத்து அரும்பைக் கோதிக் குயில் கூவும் சோலைகள் வழியில் உள்ளன. சிற்றூர்களும் பல உள்ளன என்று முடிக்கிறான்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது ஓர் அழகிய வழியின் வருணனை. கூற்றை நோக்கினால் வேறொன்று தெரிகிறது. தாயையும் ஆயத்தையும் விட்டு முதன்முறை நெடுவழி நடக்கும் ஒருத்தியின் அச்சத்தைத் தணிக்க வேண்டிய தேவை அவனுக்கு உண்டு. அவன் காட்டும் நிழலும் மணலும் அவளுடைய காலுக்கும் அவளுடைய பழைய விளையாட்டுக்கும் உரியவை. தான் கண்ட காட்டை அவன் சொல்லவில்லை. அவள் நடக்க இயலும் காட்டை அவளுக்காகச் சொல்லில் ஆக்குகிறான். அதே தலைவன், பொருள்வயிற் பிரியும் சூழலில் அவளை உடன் அழைத்துச்செல்ல மறுக்கும்போது, அதே காட்டை நீரற்ற கொடுஞ்சுரம் என்பான். இரண்டில் எது உண்மைக் காடு என்னும் கேள்விக்கு அகமரபில் இடமில்லை.

இப்பாடலின் கடைசிக் குறிப்பு தனியே எண்ணத்தக்கது. வழி இனியது என்பதற்குத் தலைவன் காட்டும் சான்றுகளில் ஊர்கள் அடங்குகின்றன. மனிதர் வாழ்வது வழியின் அழகைக் குலைக்கவில்லை, அதுவே ஆறுதல். ஆளரவம் அற்றிருப்பதே அழகு என்னும் பூங்கா அழகியலுக்கு இது நேர் எதிரானது.

ஔவையார் பாடிய குறுந்தொகை 388ஆம் பாடலில் தோழி தலைவனிடம் பேசுகிறாள். வறண்டு, யானையும் கையை மடித்து வருந்தும் காடு கூட உம்மோடு வந்தால் இவளுக்கு இனியதே என்பது அவள் வாதம். காட்டின் கொடுமையை அவள் ஒரு சொல்லளவும் குறைக்கவில்லை. உமணரின் வண்டித்தொடர் அதில் உவமையாக வருவதும் நோக்கத்தக்கது. நீரற்ற காட்டைச் சொல்லும்போதும் அவ்வழியே உழைத்துச் செல்வோர் நினைவுக்கு வந்துவிடுகின்றனர்.

‘நாங்கள்’ என்னும் ஒற்றைக் கண்

இணையர் கட்டுரைகள் பெரும்பாலும் தன்மைப் பன்மையில் எழுதப்படுகின்றன. நாங்கள் சென்றோம், நாங்கள் கண்டோம், எங்களுக்கு மூச்சு நின்றது. இந்தப் ‘நாங்கள்’ பணிவின் அடையாளமாகவும் இல்லற ஒற்றுமையின் அடையாளமாகவும் தோன்றலாம். கூற்று நோக்கில் அது ஓர் இழப்பு. உடன்போக்கில் இருவர் இருப்பதால்தான் காடு பேச்சாகிறது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கிறார். ‘நாங்கள்’ என்றதும் சொல்வோரும் கேட்போரும் ஒன்றாகி, இருவரின் நான்கு கண்களும் ஒரே கண்ணாகிவிடுகின்றன. பின் அந்தக் கண்ணுக்குப் பூங்கா வரைபடம் சொல்வதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

ஒரு நாள் காரில் ஒருங்கே அமர்ந்திருப்போரிடையே எவ்வளவோ நிகழும். வண்டி ஓட்டுபவர் வளைவுகளையே காண்கிறார். அருகிலிருப்பவர் பள்ளத்தைக் காண்கிறார். ஒருவருக்கு உயரம் அச்சம். மற்றவருக்கு நேரம் கவலை. ஊரில் விட்டுவந்த பெற்றோரின் தொலைபேசி அழைப்பு, குறியலை கிட்டாத மலைப்பகுதியில் அறுந்துபோகிறது. இந்தக் கடைசிச் செய்தி, எழுதப்பட்டிருந்தால், பாலைக்கு நெருங்கிய உரிப்பொருள். உடன்போக்கில் இருவரும் கூடியே செல்கின்றனர்; ஆயினும் அது பாலைக்குரியதாக வகுக்கப்பட்டதற்குக் காரணம் தாயையும் ஊரையும் பிரிவதுதான். கடல்கடந்த இணையர் எழுத்தில் இப்பிரிவு எங்கும் உறைந்திருக்க வேண்டியது. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 44ஆம் பாடலின் செவிலி, எதிர்வரும் இணையரையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கண் ஒளியிழந்து, தன் மகளல்லாத பிறரே உலகில் வானத்து மீன்களினும் மிகுதி என்று சோர்கிறாள். பூங்காவின் நெரிசல் மிகுந்த வாகன நிறுத்தத்தைக் குறித்து எரிச்சலுடன் எழுதும் கட்டுரையாளருக்கு அச்செவிலியின் கண் ஒருகணம் வாய்த்திருந்தால், அந்தப் பத்தியே கட்டுரையின் சிறந்த பகுதியாகியிருக்கும்.

தமிழ்ப் பயண உரைநடைக்கு இது புதிதும் அன்று. ஏ. கே. செட்டியார் சிறு வாக்கியங்களில் எழுதியபோது இடத்தைவிட எதிர்ப்பட்ட மனிதரின் பேச்சும் நடத்தையும் முன்னின்றன. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ ஆற்றையொட்டிய நெடும்பயண நூல். அங்கும் வழிப்பட்டோரின் பேச்சு ஆற்றோடு சேர்ந்து வருகிறது. இணையர் கட்டுரைகள் இம்மரபிலிருந்து விலகியதற்கு எழுதுவோரின் இயல்பைவிடப் பூங்காச் சாலையின் அமைப்பே பெரிய காரணம். அச்சாலையில் எதிர்ப்படுவோர் அனைவரும் பயணியர்.

காண்போர் காணப்படுவோராதல்

உடன்போக்கின் மற்றொரு கூறு கண்டோர் கூற்று. பொழுதும் வழியும் அச்சம் தருபவை என உணர்த்துவது, தம் ஊர் அண்மையில் இருப்பதையும் செல்லுமிடம் சேய்மையில் இருப்பதையும் அன்போடு சொல்வது, தேடிவரும் தாயைத் தடுப்பதும் விடுப்பதும் என அவர்தம் கூற்று நிகழும் இடங்களைத் தொல்காப்பியம் அகத்திணையியலில் வகுக்கிறது. இவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் உண்டு. அந்த நிலத்திற்கு உரியவர் என்பதே அவர்கள் பேசும் தகுதி.

குறுந்தொகை ஏழாம் பாடலில் இருவர் மூங்கில் காட்டுவழி வருவதைக் கண்டோர் காண்கின்றனர். வில்லேந்தியவன் காலில் கழல் இருக்கிறது; அவளுடைய அடியில் சிலம்பும் இருக்கிறது. மணத்திற்குமுன் நிகழும் சிலம்புகழி நோன்பு நிகழவில்லை என்பதை அவர்கள் அதிலிருந்து உணர்கின்றனர் என்று உரைகாரர் விளக்குவர். ஆரியக் கூத்தர் கயிற்றில் ஆடும்போது ஒலிக்கும் பறைபோலக் காற்றில் வாகை நெற்று ஒலிக்கிறது. யாரோ, இரங்கத்தக்கவர் என்கின்றனர். காதலர் தம்மைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. காட்டைக் காண வந்தவர் அல்லர் அவர்கள், காட்டாரால் காணப்படுகின்றனர். பார்வையின் திசை இங்கே மாறியிருக்கிறது.

திருக்கோவையார் இதை இன்னொரு படி கொண்டுசெல்கிறது. மகளைத் தேடிச் செல்லும் செவிலி எதிரே கூடிவரும் வேறோர் இணையரைக் காண்கிறாள். நீங்கள்தாம் மீண்டீர்கள் என எண்ணி மகிழ்ந்தேன், உங்களைப்போல் இருவர் முன்னே சென்றனரா என்று வினவுகிறாள். அவன், யாளி அன்ன ஒருவனைக் கண்டேன் என்று மட்டும் சொல்லி, அவன் அருகில் இருந்ததைப்பற்றி அன்னை ஏதோ கேட்கிறாளே என்று தன் துணைவியின் பக்கம் திரும்புகிறான். பிறன் துணையை அவன் நோக்கவில்லை, அவளே நோக்கியவள். ஒரு காட்சி இருவர் கண்ணில் இரண்டாகப் பிரிவதையும், அப்பிரிவிலேயே அவர்கள் இல்லறத்தின் தன்மை வெளிப்படுவதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பனுவல் அரிது. ‘நாங்கள் கண்டோம்’ என்னும் வாக்கியம் இழப்பது எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

காட்சிமுனைகளில் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி இன்றும் உண்டு. அயலார் இணையர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்துத் தம்மைப் படமெடுக்கச் சொல்வது, பின் அவர்களைத் தாம் படமெடுத்துத் தருவது. கட்டுரைகளில் இது ஒரு வரியில் கடந்துபோகிறது. அந்த ஒரு வரியில்தான் எழுதுவோர் காணப்படுவோராகின்றனர்.

பெயரிட்டவர் யார்

இவ்வொப்பீட்டைச் சங்க இலக்கியப் பெருமிதமாகக் கொள்ள இயலாது. பாலைப் பாடல்களின் வழிகளில் கண்டோர் இருப்பதுபோல் ஆறலை கள்வரும் இருக்கின்றனர். வழிச்செல்வோரைக் கொன்று பதுக்கையில் இட்டவர் என்றே அந்நிலத்து வில்லோர் பல பாடல்களில் சுட்டப்படுகின்றனர். அவர்கள் தம் கூற்றாகப் பேசுவதில்லை. வழிச்செல்வோர் பார்வையில் அவர்கள் கொலைஞர். அவர்கள் பார்வையில் அவ்வழி என்ன என்பதை அகமரபு கேட்கவில்லை. கண்டோருக்குக் கிடைத்த குரல் எல்லார்க்கும் கிடைத்த குரல் அன்று.

யோசமிட்டியின் பெயர் இவ்விடத்தில் ஓர் எதிர்பாராத ஒப்புமையைத் தருகிறது. அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தோர் தம்மை அவாநீச்சியர் என்றனர். யோசமிட்டி என்பது அண்டையிலிருந்த மிவோக் மக்கள் அவர்களைக் குறித்து வழங்கிய சொல். கொல்வோர் என்பது அதன் பொருள் என மொழியியலாளர் காட்டுவர். 1851இல் மரிபோசா படை அவர்களை வெளியேற்றப் புகுந்தபோது அச்சொல்லையே பள்ளத்தாக்கின் பெயராக்கியது. 1864இல் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தால் அந்நிலம் காப்பிடமாயிற்று. 1890இல் தேசியப் பூங்கா அமைந்தது. பூங்காவிற்குள் பழங்குடியினர் பின்னரும் வாழ்ந்தனர், உழைத்தனர். அவர்களுடைய கடைசிக் குடியிருப்பு 1969இல் அகற்றப்பட்டது. அழகிய காட்டில் ஆட்கள் இல்லை என்பது அவ்வாறு செய்யப்பட்ட ஒன்று. உடன்போக்கில் ஊர் அண்மையில் உள்ளது என்று சொல்லக்கூடிய கண்டோர் இச்சாலையில் இல்லாமைக்கு நாளும் ஆண்டும் உண்டு.

டயோகா சாலையில் செல்லும் இணையர் பலரும் தெனாயா ஏரியோரம் இறங்கி, நீர் குளிர்ந்ததையும் பாறைகள் மின்னியதையும் எழுதுகின்றனர். தெனாயா என்பது அவாநீச்சியர் தலைவனின் பெயர். படையுடன் சென்ற லஃபாயெட் பன்னெல் 1880இல் வெளியிட்ட நூலில் அப்பெயர் வந்த வகையைத் தாமே பதிவுசெய்துள்ளார். ஏரிக்கரையில் அம்மக்கள் பிடிபட்டபின், இவ்வேரிக்கு உன் பெயரையே இட்டிருக்கிறோம் என்று தலைவனிடம் அவர் கூறினார். அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்றான் அவன். பைவியாக் என்பது அப்பெயர். மின்னும் பாறைகள் என்பது பொருள். நிலத்தை இழந்ததற்கு ஏரியின் பெயர் ஈடாகாது என்று அவன் கருதியதை முகம் காட்டியது என்றும் பன்னெல் குறித்துவைத்தார். பாறைகள் மின்னின என்று தமிழில் எழுதும் இணையர், அறியாமலேயே அவ்வேரியின் பழைய பெயரை மொழிபெயர்த்துவிட்டு வண்டியேறுகின்றனர்.